மருந்தடிக்காத பாத்தியில என்ன வெளஞ்சுதுன்னு சொல்லுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல களைக்கொல்லிய தாங்கற விதைங்களப் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சுங்களே, அதை டீக்கடையில படிச்சுப்போட்டு மனசு கேக்காம கடைக்காரர்கிட்ட சொல்லி பேப்பரை வீட்டுக்கே எடுத்துட்டு வந்து இன்னொருக்கா படிச்சேனுங்க. எழுதுனவர் நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா மேல ஒரு பத்தியில இந்த விதைக்கும் சாதா விதைக்கும் மகசூல்ல ஒரு வித்தியாசமும் இல்லைங்கறாரு, கீழ நாலு பத்தி தள்ளி, இந்த தாங்கற குணம் களைக்கு வந்துட்டாலும் பயப்பட வேண்டாம், ரெண்டு போகம் அந்த மருந்தை நிறுத்தி வெச்சா அந்தக் களை மத்த களையோட போட்டி போட முடியாம தானா ஒழிஞ்சுரும்ங்கறாரு. ரெண்டும் எப்படிங்க ஒண்ணா நிக்கும்? அந்த குணத்தை சுமக்கறதுக்கு செடி ஒரு வெலை குடுக்குதுன்னா பயிரும்தான் குடுக்கோணும். வெலையே இல்லைன்னா களை மட்டும் எதுக்குங்க எளைச்சுப் போகுது? என்ற சந்தேகம் இது ஒண்ணுதான், இதை எழுதத்தான் உக்காந்தேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் பொறுத்துக்கோங்க.

நான் குண்டடம் பக்கம் நாலரை ஏக்கரால பண்ணையம் பண்றவனுங்க. பிஏபி, அதான் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணி, எங்க மண்டலத்துக்கு முறை வந்தா மக்காச்சோளம், வராத வருசம் கெணத்துத் தண்ணிக்கு தகுந்த மாதிரி சோளத்தட்டு, மிச்சம் கொறங்காடு, அதுல ஆடு. முப்பது வருசத்துக்கு முன்னால காலேஜுல பாட்டனி படிச்சேன், அதெல்லாம் மறந்து போச்சு. இப்ப மக வேளாண்மை படிக்கறா, அவ போன்ல அனுப்பி வெக்கற ஆராய்ச்சி சமாச்சாரத்தை ராத்திரில கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டி படிச்சுத்தான் இதை எழுதறேன், தப்பு இருந்தா அவளைக் கேளுங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், நான் மருந்துக்கு எதிரி இல்லீங்க. களைவெட்டுக்கு ஆள் கூப்பிட்டா வாறேன்னு சொல்லி வராம போறதும், மழை பேஞ்சு நாலு நாள் காட்டுக்குள்ள கால் வெக்க முடியாம சாரணையும் தொய்யக்கீரையும் முட்டி உசரத்துக்கு வந்து நிக்கறதும், பண்ணையம் பண்றவனுக்குத்தான் தெரியும். மக்காச்சோளம் வெதைச்ச மூணாம் நாள் ஈரத்துல அட்ராசின்ங்கற களைக்கொல்லிய அடிக்கறவன்தான் நானும். மக்காச்சோளத்தை அது ஒண்ணும் பண்ணாது, ஏன்னா உள்ள வர்ற அட்ராசினை குளூட்டாதையோன்ங்கற பொருளோட கோத்துவிட்டு செல்லாக்காசா ஆக்கற நொதி அதுகிட்ட பொறவியிலயே இருக்குது, யாரும் லேப்ல கொண்டுபோய் வெச்சதில்லை. தட்டப்பயிறுக்கு அந்த வசதி கெடையாது. ஒரு வருசம் ஊடால தட்டப்பயிறு போட்டிருக்கறதை மறந்துபோட்டு டேங்கை தூக்கி அடிச்சு வெச்சுட்டேன், அத்தனையும் போச்சு, அதுக்கு வீட்டுல இன்னைக்கும் பேச்சு வாங்கறேன்.

சரி, வெலைன்னா என்னங்க? தோட்டத்துக்கு ராத்திரி காவலுக்கு ஆள் போட்டா, திருடன் வந்தாலும் வராட்டியும் சம்பளம் குடுத்துத்தான் ஆகோணும். திருடன் வர்ற ஊர்ல அந்த சம்பளம் லாபம், வராத ஊர்ல தண்டச் செலவு. செடிக்கும் அப்படித்தான். மருந்து விழுகற காட்டுல தாங்கற செடி ராஜா. மருந்தே விழுகாத காட்டுல அதே செடி அந்த குணத்தை சும்மா சுமந்துக்கிட்டு நிக்குது. அதுக்கு என்ன செலவாகுதோ அதைத்தான் ஃபிட்னஸ் காஸ்ட்டுங்கறாங்க. ஃபிட்னஸ்னா ஜிம்முக்கு போற சமாச்சாரம் இல்லீங்க, ஒரு செடி தன்னோட வாழ்நாள்ல எத்தனை வித்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுட்டு போகுதுங்கற கணக்கு.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் கனோலா, நம்ம கடுகு சாதிதான், எண்ணெய்க்கு வெதைக்கறது. 1970கள்ல கனடாவுல கியூபெக் மாகாணத்து மக்காச்சோளக் காட்டுல அட்ராசின் அடிச்சும் சாகாத ஒரு களைக்கடுகைக் கண்டாங்க. அதை தாயா வெச்சு கனோலாவோட திரும்பத் திரும்ப கிராஸ் பண்ணி, குவெல்ப் பல்கலைக்கழகத்துல 1984ல ஓஏசி ட்ரைட்டன்னு ஒரு ரகத்தை வெளியிட்டாங்க. களைச்செடிய தாயாத்தான் வெச்சாகோணும், ஏன்னா அந்த குணம் இருக்கறது பசுங்கணிகத்துக்குள்ள, அது தாய்வழியா மட்டும்தான் வரும், மகரந்தத்துல வராது. மாத்தம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதானுங்க, டி1ங்கற புரதத்துல 264ஆவது எடத்துல செரின்ங்கற அமினோ அமிலம் இருக்கறதுக்கு பதிலா கிளைசின்ங்கற அமினோ அமிலம். நூத்துக்கணக்கான மணி கோத்த மாலையில ஒரே ஒரு மணி மாறிப்போச்சு, அம்புட்டுத்தான்.

அந்த ஒரு மணிக்கு என்ன வெலைங்கறதை எங்க பக்கத்து பாஷையில சொல்றேன். பல்லடம், சோமனூர்ல தறி ஓடறதை பாத்திருப்பீங்க. தறியில நாடா அக்கட்ட போயி இக்கட்ட வர, ரெண்டு பக்கமும் பொட்டி இருக்கும். அட்ராசின் என்ன பண்ணுதுன்னா, இலைக்குள்ள வெளிச்சத்தை பிடிக்கற தறியில அந்தப் பொட்டிக்குள்ள ஒரு கட்டைய சொருகி வெக்குது, நாடா உள்ள வர முடியாது, தறி நின்னுபோயி செடி சாகுது. தாங்கற செடியில அந்தப் பொட்டியோட வடிவமே கொஞ்சம் மாறியிருக்குது, கட்டை அதுல நிக்காம கழண்டு விழுந்துருது. ஆனா கட்டைக்கு சேராத பொட்டி நாடாவுக்கும் சரியா சேர மாட்டேங்குது, உரசி உரசி போகுது, தறி நிக்கலை, ஆனா சாயங்காலம் அளந்தா மீட்டர் குறையுது. அந்த கனோலாவுக்கு மகசூல் 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் அடி வாங்குச்சு, எண்ணெய் சத்தும் கம்மி. அப்படியிருந்தும் வெதைச்சாங்களான்னா, வெதைச்சாங்க. ஆஸ்திரேலியாவுல 1993லருந்து அந்த சாதி கனோலா ஓடிக்கிட்டு இருக்குது, ஏன்னா அங்க காட்டு முள்ளங்கி களை பண்ற சேதம் அதைவிட ஜாஸ்தி. இதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, வெலை என்னன்னு தெரிஞ்சு, கணக்குப் போட்டு, கட்டுபடியாகுதுன்னு வெதைச்சாங்க. தெரியாம வெதைக்கறதுதான் எனக்கு ஒவ்வலை.

தெரியாம வெதைச்ச கதை எங்க சொந்தத்துலயே இருக்குது. என்ற மச்சான் ஒருத்தர் மூணு வருசத்துக்கு முந்தி வெளி மாநிலத்துக்கு சரக்கு ஏத்திப்போன எடத்துல, களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத பருத்தின்னு சொல்லி பேர் இல்லாத பாக்கெட்டு ரெண்டு வாங்கிட்டு வந்தாரு. நம்ம நாட்டுல 2002லருந்து அனுமதி இருக்கறது புழுவுக்கான பிடி பருத்திக்கு மட்டும்தான், களைக்கொல்லி தாங்கற பருத்திக்கு அனுமதி குடுக்கலைங்க, அதுக்கு அடிக்கற கிளைபோசேட்ங்கற களைக்கொல்லியையே 2022 அக்டோபர்ல பூச்சிமருந்து அடிக்கற லைசென்ஸ் ஆளுங்க மட்டும்தான் கையாளோணும்னு மத்திய அரசு சுருக்கிப்போட்டுச்சு, இதெல்லாம் நான் சொன்னா, மாப்ளை நீ பேப்பர் படிச்சு கெட்டுப்போயிட்டேங்கறாரு. அடிச்சாரு. பருத்தி நின்னுச்சு, களை செத்துச்சு, ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. ஆனா காய் பிடிப்பு சுமார், வெடிச்சு வந்தது முந்தின வருசத்துல பாதிக்கு கொஞ்சம் மேல. மச்சான் அந்த ஜீன்தான் வெளைச்சலை குடிச்சுப்போச்சுங்கறாரு, வித்தவன் போன்ல மழை சரியில்லைங்கறான்.

ரெண்டு பேர் சொல்றதையும் நம்ப முடியாதுங்க. பாக்கெட்டுல இருந்தது என்ன ரகம், எந்த தாய், எத்தனையாவது தலைமுறை வித்து, ஒண்ணும் தெரியாது. எதோட ஒப்பிட்டு கம்மிங்கறது? காங்கேயம் காளையையும் ஜெர்சி மாட்டையும் ஒரே வண்டியில கட்டிப்போட்டு, கொம்பு பெருசா இருக்கறதாலதான் காளை வேகமா போகுதுன்னு சொல்ற மாதிரி. அந்த ஒரு மரபணுவைத் தவிர மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கற ரெண்டு செடிய, ஒரே வயித்து அண்ணன் தம்பி மாதிரி, பக்கம் பக்கமா வெச்சுப் பாத்தாத்தான் வெலை தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்துல ஜாய் பெர்கல்சனும் கூட இருந்தவங்களும் அப்படித்தான் 1990கள்ல பண்ணுனாங்க. அரபிடாப்சிஸ்னு கடுகு சாதியில ஒரு சின்னச் செடி, அதுல குளோர்சல்ஃப்யூரான் மருந்தை தாங்கற மரபணு வெச்சதையும் வெக்காததையும் மருந்தே அடிக்காம வளத்தாங்க, தாங்கற செடி ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வித்து கம்மியா வெச்சுச்சு.

இதைப் படிச்சுப்போட்டு, அப்ப எல்லா தாங்கற குணத்துக்கும் வெலை உண்டு, கட்டுரைக்காரர் ரெண்டாவதா சொன்னதுதான் சரின்னு முடிவு பண்ணிர வேண்டாமுங்க. நானும் அப்படித்தான் மொதல்ல நெனச்சேன், மகதான் அடுத்த நாள் வேற ஒரு பேப்பரை அனுப்பி என்னைய கவுத்துப்போட்டா. அதுல இருந்த செடிங்க எல்லாம் நமக்கு சொந்தக்காரனுங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ராகிக் கதிர் மாதிரியே விரல் விரலா கதிர் விடற ஒரு புல்லு வாய்க்கால் மேட்டுல, ரோட்டோரத்துல எல்லாம் இருக்குமுங்க, எலியூசின் இண்டிகான்னு அதுக்கு பேரு. ராகிக்கு அது தாய்வழி சொந்தம்னே சொல்லலாம், ராகியோட மரபணுத் தொகுதியில பாதி அந்தப் புல்லுகிட்டருந்து வந்ததுதான். மலேசியாவுல கிளைபோசேட் அடிச்சு அடிச்சு 1990கள் கடைசியிலயே இந்தப் புல்லு சாகாத நிலைக்கு வந்துருச்சு. கிளைபோசேட் அடிக்கறது ஈபிஎஸ்பிஎஸ்ங்கற ஒரு நொதியோட தலையில. அந்த நொதியில 106ஆவது எடத்துல மட்டும் மாத்தம் இருந்தா தாங்கறதும் சுமார், வெலையும் பெருசா இல்ல. பின்னால 102, 106 ரெண்டு எடத்துலயும் மாத்தம் வந்த ஒரு சாதியக் கண்டாங்க, அது மருந்தை நூறு மடங்குக்கு மேல தாங்குது, ஆனா அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் அந்த குணத்தை வாங்குன செடி குள்ளமாப் போயி கதிரும் சிறுத்துப்போயி பரிதாபமா நிக்குது. ஒரே புல்லு, ஒரே மருந்து, ஒரே நொதி, வெலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும்.

அடுத்தது கீரை. நம்ம தண்டுக்கீரை, முள்ளுக்கீரை சாதியில அமெரிக்காவுல பால்மர் அமராந்த்னு ஒரு களை, ஆளுசரத்துக்கு மேல போகும், ஒரு பொட்டச்செடி லட்சக்கணக்குல வித்து போடும். ஜார்ஜியா மாகாணத்து பருத்திக்காட்டுல அது கிளைபோசேட்டுக்கு சாகாம போச்சு. எப்படின்னு பாத்தா, நொதியில மாத்தமே இல்ல, அந்த மரபணுவை ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்குது, சில செடியில நூத்தி அறுபது காப்பி வரைக்கும். நூத்தி அறுபது காவக்காரனுக்கு சம்பளம் குடுத்தா திவாலாகோணுமே, ஆகலைங்க. 2014ல வந்த ஆராய்ச்சியில அந்தச் செடிக்கு வெலைன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே காணம்னுட்டாங்க.

மூணாவது தினை. பிரான்ஸ் நாட்டுல டிஷோன்ங்கற ஊர்ல டார்மென்சின்னு ஒரு ஆராய்ச்சியாளர், தினையோட காட்டுச் சொந்தமான களைத்தினைகிட்ட தானா வந்த தாங்கற குணங்களை கிராஸ் பண்ணி பயிர்த்தினைக்கு மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் வெலை என்னன்னு வருசக்கணக்கா அளந்து பாத்தவரு. டிரைஃப்ளூரலின் சாதி மருந்தை தாங்கற குணத்துக்கு வெலை இருந்துச்சு. செத்தாக்ஸிடிம் மருந்தை தாங்கற குணம் இன்னொண்ணு, அது ஏசிசியேஸ்ங்கற நொதியில 1781ஆவது எடத்துல வர்ற மாத்தம், அதுக்கு வெலை இல்லாததோட நிக்கலை, மருந்தே அடிக்காத பாத்தியிலயும் அது சாதா செடிய விட நல்லா இருந்துச்சுன்னு 2010ல எழுதுனாங்க. காவலுக்கு வந்தவன் சம்பளமும் கேக்காம பகல்ல வந்து பாத்தியும் கட்டிட்டு போற மாதிரி!

இப்பத்தான் என்ற சந்தேகத்துக்கு வாறேன். விதைக் கம்பெனிக்காரங்க ரகம் எடுக்கும்போது எந்த குணத்துக்கு வெலை கம்மியோ அதைத்தான் பொறுக்குவாங்க, மகசூல் குறையற ரகத்தை எவன் வாங்குவான், அது அவங்க தொழில், சரிதான். ஆனா நம்ம பயிருக்கு செலவில்லாத குணம் களைக்கு போனா அங்கயும் அனேகமா செலவில்லாமத்தான் இருக்கும். கட்டுரைக்காரர் மொதல்ல சொன்னது எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு ரெண்டாவதா சொன்னது பொய்யாகுதுங்க. மகசூல் குறையாதுன்னு கம்பெனிக்காரர் நெஞ்சைத் தட்டி சொன்னா, அதுலயே இன்னொரு சேதியும் இருக்குது, களைக்கு போச்சுன்னா மருந்தை ரெண்டு போகம் இல்ல, இருபது போகம் நிறுத்துனாலும் அது எங்கயும் போகாம இருக்கலாம். இந்த ரெண்டாவது சேதிய எந்த பாக்கெட்டுலயும் நான் படிச்சதில்லை.

களைக்கு எப்படி போகும்னு கேப்பீங்க. எல்லாப் பயிரும் ஒண்ணில்லீங்க, இதுலயும் ஆளாளுக்கு பயமுறுத்தறாங்க. உடுமலையிலருந்து பல்லடத்துக்கு கோழித்தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏத்திட்டு போற லாரியிலருந்து ரோடு பூரா சிந்தி, மழை பேஞ்சா ரோட்டோரத்துல மொளைச்சு நிக்கும், ஆடு தின்னது போக மிச்சம் ஒண்ணு ரெண்டு கதிர் கூட விடும். அடுத்த வருசம் அந்த எடத்துல பாருங்க, ஒண்ணும் இருக்காது. மக்காச்சோளக் கதிரை மனுசன் உரிச்சு உதுத்தாத்தான் வித்து வெளிய வரும், தானா உதிராது, அதுக்கு காட்டுல பொழைக்கற வழியே தெரியாது, அதுக்கு சொந்தக்கார களையும் நம்மூர்ல கெடையாது. இங்கிலாந்துல மைக்கேல் கிராலின்னு ஒருத்தர் கூட்டாளிங்களோட மக்காச்சோளம், உருளைக்கெழங்கு, கனோலா, பீட்ரூட் சாதி நாலு பயிர்ல மரபணு மாத்துனதையும் மாத்தாததையும் 12 எடத்துல காட்டுல விட்டு பத்து வருசம் பாத்து 2001ல எழுதுனாரு, மாத்துனது ஒண்ணு கூட மாத்தாததை விட ஜாஸ்தி நாள் தாக்குப்பிடிக்கலை. ஆனா கனோலா மாதிரி வித்து உதிர்ற பயிர்னா சங்கதி வேற. அமெரிக்காவுல வடக்கு டகோட்டா மாகாணத்து ரோட்டோரத்துல தானா மொளைச்ச கனோலாவை 2010ல பிடுங்கி சோதிச்சதுல பத்துக்கு எட்டு செடிக்கு மேல மரபணு மாத்துனது, அதுல ரெண்டு செடியில கிளைபோசேட், குளூஃபோசினேட்னு ரெண்டு களைக்கொல்லியையும் தாங்கற குணம், அப்படி ஒரு விதைய அன்னைக்கு எந்த கம்பெனியும் வித்ததே கெடையாது, செடிங்களே தங்களுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிச்சு.

நமக்கு நெசமான கவலை நெல்லுலதானுங்க. அதைத்தான் உங்க கட்டுரை ஒரு வரியில தாண்டிப்போச்சு.

நாகினா 22ன்னு பழைய நெல் ரகம். அதோட வித்தை ஈஎம்எஸ்ங்கற கெமிக்கல்ல நனைச்சு மாத்தங்களை உண்டு பண்ணி, அதுல இமாசெதாபைர் களைக்கொல்லிய தாங்கற ஒரு செடிய பொறுக்கி எடுத்தவர் நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து நெல் விஞ்ஞானி ராபின், அந்தச் செடிக்கே ராபின்னு பேரு. இதுல வெளியிலருந்து மரபணு எதுவும் உள்ள வெக்கலை, அதனால ஜிஎம் பயிர் சட்டத்துக்குள்ள இது வராது. டெல்லி பூசா நிறுவனம் அந்த குணத்தை பாஸ்மதி 1121லயும் 1509லயும் ஏத்தி, பூசா பாஸ்மதி 1979, 1985ன்னு ரெண்டு ரகத்தை 2024ல விவசாயிங்களுக்கு விட்டுச்சு. பஞ்சாப் பக்கம் நாத்து நடாம நேரடியா வெதைக்கறதுக்கு, தண்ணியும் ஆளும் மிச்சம். கோயமுத்தூர்ல பொறந்த ஒரு செடி வடக்க போயி இத்தனை வேலை பண்ணுதுன்னு எனக்கு பெருமைதான், பொய் சொல்லலை. பாஸ்மதி நம்மூர்ல போடறதில்லை, ஆனா இந்த குணம் நாளைக்கு நம்ம ரகங்களுக்கும் வரும், நேரடி விதைப்பு பவானி பாசனத்துக்கும் வந்துக்கிட்டுத்தான் இருக்குது.

நேரடி விதைப்புல தலைவலி களைநெல்லு. பயிர் நெல்லு மாதிரியே மொளைக்கும், கதிர் வந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும், அதுக்குள்ள பாதி வித்து மண்ணுல உதிர்ந்துரும். நெல்லுல அயல் மகரந்தம் சேர்றது நூத்துக்கு ஒண்ணுக்கும் கம்மின்னு சொல்லுவாங்க, நெசம்தான், ஆனா ஒரு ஏக்கராவுல எத்தனை கதிர், எத்தனை பூவு, நூத்துக்கு அரைன்னாலும் எத்தனை ஆகுதுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. அமெரிக்காவுல 2002லருந்து இதே குடும்பத்து மருந்தை தாங்கற நெல்லை வெதைச்சாங்க, களைநெல்லுக்கும் அந்த குணம் போயி, மருந்துக்கு சாகாத களைநெல்லு அங்க இன்னைக்கு பெரிய பிரச்சனை. வெலை இருந்தா தானா ஒழியும்ங்கற கணக்குக்கு இன்னொரு அடியும் இருக்குது. ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகத்துல லூ பௌரோங் குழு, நெல்லோட சொந்த ஈபிஎஸ்பிஎஸ் மரபணுவையே ஜாஸ்தியா வேலை செய்ய வெச்சு கிளைபோசேட்டை தாங்கற நெல்லு பண்ணி, அதை களைநெல்லோட கிராஸ் பண்ணிப் பாத்தாங்க. மருந்தே அடிக்காத எடத்துல, அந்த மரபணு இல்லாத கூடப்பொறந்த செடிகளை விட 48லருந்து 125 சதவீதம் ஜாஸ்தி வித்து. ஒழியறதா? மருந்து நிறுத்துனா இன்னும் கொண்டாட்டம்தான்.

இன்னொண்ணு, இதை எங்க பக்கத்து ஆளுங்க கூட யோசிச்ச மாதிரி தெரியலை. கீழ்பவானி பாசனம் ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கரா, பாதிக்கு ஒரு முறை, பாதிக்கு ஒரு முறைன்னு தண்ணி விடறது உங்களுக்கே தெரியும், நெல்லுக்கு ஒரு போகம், கள்ளக்காய் (நிலக்கடலை), எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு ஒரு போகம். கள்ளக்காய்க்கு களை மொளைச்சதும் அடிக்கறது என்ன மருந்துங்க? அதே இமாசெதாபைர்! நெல்லுக்கும் அதையே அடிக்கற ரகம் வந்துருச்சுன்னா ஒரே பாசனத்துல நெல்லும் கள்ளக்காயும் மாறி மாறி வந்தாலும் மருந்து மாறாது. பயிர் சுழற்சி பண்றோம்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், களையப் பொறுத்தவரைக்கும் ஒரு சுழற்சியும் கெடையாது. நெல்லுக்குள்ள வர்ற குதிரைவாலிப் புல்லுக்கு நெல்லுகிட்டருந்து மரபணு வாங்க வேண்டிய தேவையே இல்லாம, தானாவே இந்த மருந்து தாக்கற ஏஎல்எஸ்ங்கற நொதியில மாத்தம் வந்துரும், இந்த நொதியில மாத்தம் வர்றதுதான் உலகத்துலயே ரொம்ப சுலபமா நடக்கறது.

அதனால நான் கேக்கறது ஒரே ஒரு சோதனைதானுங்க. ஜோடி ரெடியா இருக்குது, 1121க்கு பக்கத்துல 1979, 1509க்கு பக்கத்துல 1985, நாளைக்கு நம்ம ரகத்துல ஏத்துனாலும் இதே மாதிரி ஜோடி கெடைக்கும். களையே இல்லாத சுத்தமான பாத்தியில, உரமும் தண்ணியும் தேவைக்கு மேல குடுத்து அளந்தா எந்த வெலையும் வெளிய தெரியாது, சாப்பாடு தாராளமா இருக்கற வீட்டுல எத்தனை பேர் தின்னாங்கன்னு கணக்கு தெரியாத மாதிரி. போட்டி வெச்சுப் பாக்கோணும். மருந்தடிச்ச பாத்தி, கைக்களை எடுத்த பாத்தி, ஒண்ணுமே பண்ணாம களையோட விட்ட பாத்தி, கடைமடை மாதிரி தண்ணி காஞ்ச பாத்தி. எங்க மண்ணுல, எங்க வெயில்ல. பவானிசாகர்ல பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்குது, பண்றதுக்கு எடமும் ஆளும் இருக்காங்க. பயிர்ல மட்டும் இல்லாம, களைநெல்லோட கிராஸ் பண்ணி வர்ற பேரன் பேத்தி செடிகளையும் வேலி போட்ட எடத்துல மூணு நாலு தலைமுறை வெச்சு அளக்கோணும், ஏன்னா மொதத் தலைமுறையில வெலை தெரிஞ்சாலும், அந்த வெலைய ஈடுகட்டற வேற குணங்க கூட வந்து சேந்து போகப்போக வெலை கரைஞ்சு போயிரலாம். வந்த நம்பரை தமிழ்ல, பாக்கெட்டு முதுகுல, பொடி எழுத்துல இல்லாம போடோணும். வெலை இருந்தா நான் கணக்குப் போட்டு வாங்கறேன். வெலை இல்லைன்னா, அதே மருந்தை அடுத்த போகம் வேற பயிருக்கு அடிக்காதேன்னு அதே பாக்கெட்டுல போடுங்க.

மக கிட்ட இந்த கடுதாசிய படிச்சு காட்டுனேன், நீளம் அப்பா, பாதிய வெட்டிருவாங்கன்னா. வெட்டுங்க, பரவால்லை, தறிக் கதைய வேணா எடுத்துருங்க, கீழ்பவானி சமாச்சாரத்தை மட்டும் விட்டுருங்க.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருத்தன்,
குண்டடம் பக்கம், திருப்பூர் மாவட்டம்.

பி.கு: அந்தக் கட்டுரைக்கு பக்கத்துல பூவோட ஒரு படம் போட்டு கீழ 'களைக்கொல்லிய தாங்கும் பருத்தி'ன்னு எழுதியிருந்தீங்க. அது பருத்தி இல்லீங்க, துத்தி. எங்க வீட்டுக்கு பின்னால நிறைய இருக்குது, ஆடு நல்லா திங்கும்.